லட்சத்துக்கு ஒன்பது குறைவு

எனக்கு வயது எண்பத்து மூன்று. பெற்றது ஆறு, வளர்த்தது ஏழு. ஏழு பேரும் நன்றாக இருக்கிறார்கள். ஒருவரும் இன்னொருவர் வாசலில் போய்க் கைகட்டி நிற்கும்படி நான் வளர்க்கவில்லை. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பள்ளிக்கூடம் போனது இரண்டே வருஷம், அதுவும் கல்யாணத்தோடு நின்றது. ஆனாலும் இதை நான்தான் எழுதுகிறேன். காலையில் கூடத்துக்கு வெயில் வரும்போது உட்காருவேன், வெயில் நகர்ந்ததும் எழுந்துவிடுவேன். பிழையைப் பேத்தி திருத்திக்கொள்ளட்டும். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள், அவளுக்குக் கன்னடம்தான் ஓடும். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதுவும் நல்லதுதான். இதை அவசரமாகப் படிக்கக் கூடாது.

பெரியம்மாவைப் பற்றி எழுதுகிறேன். என் மாமியாருக்கு அக்கா அவர். மாமியார் ‘அக்கா’ என்பார், நாங்கள் ‘பெரியம்மா’ என்போம், தெருவில் ‘எண்ணுகிற அம்மா’ என்பார்கள். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் முகத்தை நினைத்தால் முதலில் வருவது பயம்தான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் மெதுவாக வரும்.

நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஆரம்பித்தது. அக்ரஹாரத்தை ஒட்டின ஒரு சந்தில் வீடு. என் அம்மா கொடுத்தனுப்பிய வாழைப்பழச் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். மாமியார் ஆரத்தி எடுக்கிறார். உள்ளேயிருந்து ஒல்லியாக, நெற்றியில் ஒன்றும் இல்லாமல், ஒரு அம்மா வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சீப்பைப் பார்த்தார். விறுவிறென்று வந்து ஒரு பழத்தைப் பிய்த்துத் தெருவில் எறிந்தார்.

“பன்னெண்டை உள்ள கொண்டாராதம்மா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பில் கை வைக்கப் போகிற குழந்தையிடம் சொல்கிற மாதிரி, நடுங்கிக்கொண்டு சொன்னார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமியார் சிரித்தார். “அக்கா அப்படித்தான்டீ. தெருமாட்டுக்கு ஒரு பழம் யோகம். நீ வலது காலை வெச்சு வா.”

அவருக்கு என்ன என்பது எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது. எந்தப் பொருளும் சமமான வரிசைகளில் நிற்பதை அவரால் பார்க்க முடியாது. பன்னிரண்டு பழத்தை இரண்டு ஆறாக வைக்கலாம், மூன்று நாலாக வைக்கலாம். பதினொன்றை எப்படி வைத்தாலும் ஒரு வரிசை குறையும் அல்லது ஏறும். ஒரே நீளமாக வேண்டுமானால் பரப்பலாம், மடக்க முடியாது. அப்படிப்பட்ட எண்ணை ‘உடையாதது’ என்பார். மற்றதெல்லாம் ‘உடையறது’. பள்ளிக்கூடத்தில் அதற்குப் பகா எண் என்று பெயராம், பேத்தி சொன்னாள். உடையாதது என்பதுதான் எனக்கு வாயில் வருகிறது.

வீட்டில் தோசை, வறட்டி, காயவைத்த வடகம், கொடியில் துணி, எதுவானாலும் அவர் பார்வை ஒரு தடவை போய் வரும். எண்ணும்போது உதடு அசையாது. கண்ணிமை மட்டும் துடிக்கும். ஆட்களையும் அப்படித்தான் எண்ணுவார். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் ஒரு துடிப்பு, படுத்தால் ஒரு துடிப்பு. மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், ஹைஸ்கூல் போகிற கொழுந்தன், சின்ன நாத்தனார், நான், பெரியம்மா. ஏழு பேர். எண்ணி முடித்ததும் அவர் மூச்சு இறங்குவது காதில் கேட்கும்.

தேவராஜ மார்க்கெட்டுக்கு அவரோடு போவது ஒரு கூத்து. எலுமிச்சைக்காரி ஐந்தைந்தாக ஐந்து வரிசை அடுக்கி வைத்திருப்பாள். பெரியம்மா இரண்டு பழம் வாங்கிவிடுவார். இருபத்து மூன்று வரிசையில் நிற்காது. அடுத்த கடையில் இருபத்து நாலு இருந்தால் அங்கே ஒன்று. கடைக்காரிகளுக்கு இது தெரியும். வேண்டுமென்றே அடுக்குவார்கள். “வாம்மா வா, உனக்காகத்தான் வரிசை கட்டி வெச்சிருக்கேன், எவ்வளவு எடுக்கப் போறே?” என்று கன்னடத்தில் கூப்பிட்டுச் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் எலுமிச்சை அழுகிக்கொண்டே இருந்தது. ஊறுகாய்க்குக் குறைவில்லை.

கொழுந்தனுக்கு அவரைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

“பெரியம்மா, ஆயிரத்தியொண்ணு நல்ல எண்தானே? கோயிலுக்கு எல்லாரும் அதைத்தானே எழுதுறாங்க?”

“அது வேஷம்டா” என்றார் அவர், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே. “பாக்கறதுக்கு ஒத்தைக் கால்ல உறுதியா நிக்கிற மாதிரி இருக்கும். ஏழு தொட்டா விழுந்துடும். ஏழு வரிசை, வரிசைக்கு நூத்தி நாப்பத்திமூணு. அந்த நூத்தி நாப்பத்திமூணும் பதினொண்ணுல விழும்.”

“நூத்தியொண்ணு?”

“அது நிக்கும். யார் தொட்டாலும் நிக்கும்.”

“அப்ப ஒண்ணு? ஒண்ணுதானே எல்லாத்தையும் விட உறுதி? அதை யாரால உடைக்க முடியும்?”

பெரியம்மா கல் பொறுக்குவதை நிறுத்தினார். “ஒண்ணு அந்தக் கணக்குலயே வராதுடா. அது உடையறதுலயும் சேத்தி இல்ல, உடையாததுலயும் சேத்தி இல்ல. அது மிச்சம்.”

எனக்கு அந்த ‘மிச்சம்’ என்ற சொல் பல நாள் காதிலேயே இருந்தது.

காரணத்தை மாமியார்தான் சொன்னார், மாவு அரைக்கும்போது, கல் சத்தத்துக்கு நடுவில், அக்கா காதில் விழாமல். நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு வெகு முன்னால் ஊரில் பிளேகு வந்தபோது பெரியம்மாவின் புகுந்த வீட்டில் பன்னிரண்டு பேர். எலி செத்து விழுந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே ஓலைக் கொட்டகைக்குப் போகவேண்டும், அது அரசாங்க உத்தரவு. கொட்டகைக்கு நாலு பேர். நாலால் சரியாகப் போகாத குடும்பத்துக்கு மட்டும் கோடியில் ஒரு நீளக் கொட்டகை, அதில் பாயை மறைவு கட்டி எல்லாரும் சேர்ந்து இருக்கலாம். பன்னிரண்டு நாலால் அழகாகப் போகும். மூன்று கொட்டகை, மூன்று திசை. புருஷன் ஒன்றில், குழந்தைகள் இரண்டும் பாட்டியோடு ஒன்றில், இவர் ஒன்றில். நடுவில் கயிறு. கயிற்றைத் தாண்ட விடமாட்டார்கள். குழந்தை அழுகிற சத்தம் இந்தப் பக்கம் கேட்டிருக்கிறது. ஒரு நாள் கேட்கவில்லை. கயிறு அவிழ்த்தபோது பன்னிரண்டில் இவர் ஒருவர்தான்.

“அங்கேருந்து ஒரு தகரப் பெட்டியோட வந்தா” என்றார் மாமியார். “வந்த அன்னைக்கு எங்களை எண்ணினா. நாங்க அப்போ நாலு பேர், அவளோட அஞ்சு. அதுக்கப்புறம்தான் தண்ணி குடிச்சா.”

அவர் புருஷனின் தம்பி காலேஜில் கணக்குப் படித்தவராம். ஒரு மழைக்காலத்தில் அண்ணியும் அவரும் சேர்ந்து ஒரு விளையாட்டு விளையாடியிருக்கிறார்கள். லட்சத்துக்குள்ளே உடையாத எண்களில் கடைசி எது என்று. மேலேயிருந்து ஒவ்வொன்றாக இறங்கிப் பார்த்துக் கடைசியில் சிலேட்டில் அது கிடைத்ததாம். தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று. லட்சத்துக்கு ஒன்பது குறைவு. அந்தத் தம்பியும் போய்விட்டார், சிலேட்டும் போய்விட்டது. எண் மட்டும் இவரோடு வந்தது.

எங்கள் ஊரில் பெண்கள் லட்ச வத்தி நோன்பு எடுப்பார்கள். பஞ்சைத் திரித்துத் திரித்து ஒரு லட்சம் திரி சேர்த்து, நெய்யில் ஊறவைத்து, கார்த்திகையில் கோயில் முன்னால் குவித்து ஏற்றுவார்கள். வருஷக்கணக்காகத் திரிப்பவர்கள் உண்டு. பெரியம்மாவும் திரித்தார். காலையில் குளித்ததும் உட்கார்ந்தால் பத்து மணி வரைக்கும் முழங்கால் மேல் பஞ்சு ஓடும். நூறு நூறாகக் கட்டுவதுதான் வழக்கம். இவர் நூற்றொன்று நூற்றொன்றாகக் கட்டினார். கட்டிக் கட்டித் தகரப் பெட்டியில் போட்டார். நாங்கள் எல்லாரும் லட்சம் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் லட்சம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

கொழுந்தன்தான் வாயைப் பிடுங்கினான். “எத்தனை வரைக்கும் பெரியம்மா?”

அவர் அந்த எண்ணைச் சொன்னார்.

“அது உடையாதுன்னு எப்படித் தெரியும்? பெரிய எண்ணு. எங்கேயாவது ஒண்ணு அதை வெட்டும்.”

“சொல்லு, எது வெட்டும்?”

“ஏழு.”

“மூணு மிஞ்சும்.”

“பதிமூணு.”

“எட்டு மிஞ்சும்.”

“பதினேழு.”

“பதினாலு.”

அவன் விடவில்லை. “ரெண்டு, மூணு, அஞ்சு, ஆறு, ஒம்பது, பத்து, பதினொண்ணு…”

“எல்லாத்துக்கும் ஒண்ணு மிஞ்சும்” என்றார் பெரியம்மா. “நீ சொன்ன அத்தனைக்கும் ஒண்ணே ஒண்ணு. நூத்தியொண்ணால வகுத்தாலும் ஒண்ணுதான். கட்டி முடிச்சதும் பாரு, ஒரு திரி தனியா நிக்கும்.”

“அப்ப ஆயிரக்கணக்குல ஏதாவது வெட்டும்.”

“முந்நூத்திப் பதினாறுக்கு மேல பாக்க வேண்டியதே இல்லடா. பெரிசு ஒண்ணு வெட்டினா, அதோட ஜோடி சின்னதா இருக்கணும். ரெண்டும் பெரிசா இருந்தா பெருக்கினா லட்சத்தைத் தாண்டிடும். சின்னதை எல்லாம்தான் முன்னாடியே பாத்தாச்சே. ஒவ்வொண்ணா பாத்தோம், நானும் அவனும்.” கொஞ்ச நேரம் பஞ்சைத் திரித்தார். “இதுல ஒரே ஒரு ஒம்பதைக் கழட்டிப் பாரு, ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொண்ணு. அது ஒடஞ்சிடும். தொண்ணூத்தேழு வரிசையா நூத்திமூணு. பாக்கறதுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனா அது உள்ள ஓட்டை. இது நிக்கும்.”

“எதுக்குப் பெரியம்மா இதெல்லாம்? கொட்டகைக்கு நாலு பேர்னா நாலால போகாம இருந்தா போதாதா? ஆறு பேர் இருந்தாக்கூட நாலால போகாதே.”

“அடுத்த தடவை நாலும்பான்னு யார் சொன்னா? மூணும்பான், ரெண்டும்பான். எதைச் சொன்னாலும் மிஞ்சணும். அப்பதான் சேத்து விடுவான்.” அவர் குரல் இறங்கிவிட்டது. “மாரியம்மன்கிட்ட வேண்டியிருக்கேன். இதை எப்படி உடைக்க முடியாதோ அப்படி இந்த வீட்டையும் உடைக்காதேன்னு.”

அந்த வருஷம்தான் நான் உண்டானேன்.

என் வயிறு பெரிதாக ஆக, அவர் என்னைப் பார்க்காமல் நடக்க ஆரம்பித்தார். பிள்ளை பிறந்து நான் அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது எல்லாரும் வாசலுக்கு ஓடி வந்தார்கள். அவர் வரவில்லை. சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று எண்ணினார். இமை துடித்தது. இந்தத் தடவை மூச்சு இறங்கவில்லை.

ஒரு மத்தியானம், பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் தொட்டில் பக்கத்தில் பெரியம்மா. கை தொட்டில் கயிற்றின் மேல் இருக்கிறது. ஆட்டவில்லை. சும்மா பிடித்திருக்கிறார். எழுந்து பாய்ந்து பிள்ளையை அள்ளிக்கொண்டேன்.

“பயப்படாதேடி. குழந்தையை நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்” என்றார். “எட்டு ஆயிடுச்சு. எட்டு எல்லாத்துலயும் ஒடையும். யார் போகணும்னு பாத்துட்டிருக்கேன்.”

அதற்குப் பிறகு நான் பிள்ளையைக் கீழே விடவில்லை. கொல்லைப்புறம் போனாலும் இடுப்பில்தான். வீட்டுக்காரரிடம் சொன்னேன். “பாவம், வயசாயிடுச்சு, விடு” என்றார். ஆண்களுக்கு அந்தப் பயம் தெரியாது. எனக்கு அவர் காலடிச் சத்தம் கேட்டாலே பால் கட்டிக்கொள்ளும்.

பிள்ளைக்குப் பெயர் வைக்க நாள் பார்த்தார்கள். பெரியம்மா முதல் தடவையாகத் தங்கையிடம் கெஞ்சினார்.

“இப்ப வேணாம்டி. பேர் இல்லாத குழந்தை எண்ணிக்கையில வராது. கொஞ்ச நாள் போகட்டும்.”

“என்ன அக்கா பேசறே? வீட்டுக்கு முதல் பேரன். பேர் இல்லாம வெச்சிருந்தா ஊர் என்ன சொல்லும்? உனக்கு வேற வேலையே இல்லையா?”

கார்த்திகையில் பெயர் வைப்பது என்று ஆயிற்று. அதே வாரம் பெரியம்மா, “முடிஞ்சுது” என்று பெட்டியை மூடினார். மாமியாருக்கு ஒரே சந்தோஷம். பேரனுக்குப் பெயர் வைக்கிற அன்றைக்கே கோயிலில் லட்ச வத்தியும் ஏற்றிவிடலாம், ஒரே செலவு, ஒரே புண்ணியம். பெட்டியைத் திறந்து கட்டுகளை எண்ணச் சொன்னார். கொழுந்தன் எண்ணினான். தொள்ளாயிரத்துத் தொண்ணூறு கட்டு. ஓரத்தில் ஒரு திரி, தனியாக.

“அம்மா, லட்சத்துக்கு ஒம்பது குறையுது” என்றான். அவனுக்கு விஷயம் தெரியும். அம்மாவிடம் சொல்லவும் சொன்னான், பெரியம்மா வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார் என்று. மாமியார் கேட்கவில்லை.

“போடா. யாராவது ஒம்பது குறைச்சு சாமிக்கு ஏத்துவாங்களா? இவ்வளவு வருஷம் திரிச்சவளுக்குக் கடைசியில கை தவறிப்போச்சு. அவகிட்ட சொல்லாதே, மனசு கஷ்டப்படுவா.”

அக்காவின் மேல் உள்ள பிரியத்தில்தான் செய்தார், அதை நான் சொல்லியாகவேண்டும். தன் கையாலேயே பஞ்சு எடுத்து ஒன்பது திரி திரித்து, தனியாக நின்ற அந்த ஒன்றோடு சேர்த்து, நூல் சுற்றிப் போட்டார்.

அன்றைக்கு மாரியம்மன் கோயில் முன்னால் பெரிய இரும்புச் சட்டியில் திரிகள் குவிந்திருந்தன. பெரியம்மாதான் ஏற்றினார். நெருப்பு ஆள் உயரத்துக்கு எழுந்தது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா மாமியாரிடம், “முழு லட்சமா?” என்று கேட்டாள். மாமியார் பெருமையாக, “முழு லட்சம். ஒம்பது குறைஞ்சுது, நான் போட்டு நிரப்பினேன்” என்றார்.

பெரியம்மா திரும்பினார். நெருப்பைப் பார்த்தார். திட்டவில்லை, அழவில்லை. “லட்சத்துக்குள்ள ரெண்டும் அஞ்சும் தவிர வேற ஒண்ணுமே இல்லையேடி” என்றார். “ரெண்டாலயும் அஞ்சாலயும் வெட்டிக்கிட்டே போனா கடைசி வரைக்கும் வெட்டலாமேடி.” அப்புறம் என் கையில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். அரை மணி முன்னால்தான் அதன் காதில் பெயர் சொல்லியிருந்தது.

கார்த்திகை கழிவதற்குள் எங்கள் சந்தில் எலி விழுந்தது. கோடி வீட்டுப் பரணிலிருந்து, பட்டப்பகலில், தொப்பென்று. திரியும் எலியும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை. எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டாயிற்று. சொல்லும்போதெல்லாம் கை சில்லிட்டுப் போகிறது.

தண்டோரா போட்டார்கள். வீட்டு ஓடுகளைப் பிரித்து வெயில் விடுவதற்கு ஆள் வந்தது. பாத்திரம் பண்டத்தோடு ஊருக்கு வெளியே நடந்தோம். மேட்டில் வரிசை வரிசையாக ஓலைக் கொட்டகைகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி. அந்த வரிசைகளைப் பார்த்து பெரியம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

மேசை போட்டு ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். “எஷ்டு ஜன?” என்று ஒவ்வொரு குடும்பமாக எத்தனை பேர் என்று கேட்டு, பென்சிலால் தலைகளை எண்ணி, அனுப்பினார். விதி மாறவில்லை. கொட்டகைக்கு நாலு பேர். எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பத்தில் எட்டு. நாலு பேர் மேட்டுக்கு, நாலு பேர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அந்தப் பெண்ணின் கையிலிருந்த பிள்ளை இவள் பக்கம், அதன் அக்கா அந்தப் பக்கம். அந்தச் சிறுமி கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தின கத்தல் இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

நான் என் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டேன். அடுத்தது நாங்கள். எட்டு. யாரோடு நான், யாரோடு என் வீட்டுக்காரர், எங்கே பிள்ளை?

பின்னாலிருந்து பெரியம்மா மெதுவாகக் கேட்டார். “பேர் வெச்சாச்சு இல்ல?”

“ஆச்சு பெரியம்மா.”

“அப்ப எண்ணுவான்.” பிள்ளையின் குல்லாயை இழுத்துக் காதை மூடினார். கையிலிருந்த மூட்டையை என் காலடியில் வைத்தார்.

மாமியார் மேசைக்கு முன்னால் போய், “எட்டு பேர் சாமி” என்றார். குமாஸ்தா பென்சிலை நீட்டி எண்ணினார். மறுபடி எண்ணினார். “எட்டில்லம்மா, ஏழு” என்றார் கன்னடத்தில், சலிப்பாக. “ஏழு நாலில் போகாது. கோடியில் நீளக் கொட்டகை, எல்லாரும் அங்கே போங்கள்.”

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். மூட்டை இருந்தது. அவர் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம்தான் கண்டுபிடித்தோம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டகை வாசலில் நின்றிருந்தார். பெண்டாட்டியை இழந்த ஒருவர், அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். மூன்று பேராக நின்றிருந்த அந்தக் குடும்பத்தோடு போய், நாலாவது நான் என்று சொல்லிவிட்டிருக்கிறார். மாமியார் கயிற்றருகே போய்த் தொண்டை கிழியக் கத்தினார்.

“அக்கா! வந்துடு அக்கா! நான் தெரியாம பண்ணிட்டேன், வந்துடு!”

அவர் அங்கிருந்து கையை ஆட்டினார். “எண்ணிப் பாரு!” என்று மட்டும் குரல் வந்தது. “சரியா இருக்கா, எண்ணிப் பாரு!”

மாமியார் கயிற்றைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். எண்ணவில்லை. நான் எண்ணினேன். ஏழு. தொட்டில் பக்கத்தில் அவர் யாரைத் தேடிக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நீளக் கொட்டகையில் மாமனாருக்குக் காய்ச்சல் கண்டது. அக்குளில் கட்டி. பிழைக்கவில்லை. ஆனால் சாகும்போது நாங்கள் எல்லாரும் பக்கத்தில் இருந்தோம். மாமியார் தலையை மடியில் வைத்திருந்தார், என் வீட்டுக்காரர் காலைப் பிடித்திருந்தார், வாயில் தண்ணீர் விட்டது நான். பக்கத்துக் கொட்டகைகளில் இருந்தவர்களுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. சத்தம் மட்டும்தான் கிடைத்தது.

இரண்டு பக்கமும் போகிறவன் தண்ணீர்க்காரன் ஒருத்தன்தான். அவன் மூலமாகச் செய்தி அந்தப் பக்கம் போயிருக்கவேண்டும். மறுநாள் அவன் குடத்தோடு வரும்போது இன்னொரு கையில் ஒரு பெண் குழந்தையைப் பிடித்துக்கொண்டு வந்தான். நாலு வயசிருக்கும். தலைக்கு எண்ணெய் வைத்து, இறுக்கிப் பின்னிவிட்டிருந்தது.

“இதோட அப்பனும் அக்காளும் போயிட்டாங்க” என்றான். “அந்தப் பெரியம்மா சொல்லி அனுப்பிச்சாங்க. இங்க ஆறு ஆயிடுச்சாமே. ஆறு ஒடையுமாம். இவளைச் சேத்துக்கச் சொன்னாங்க.”

மாமியார் என் கையிலிருந்த பிள்ளையைப் பார்த்தார். சொல்லாமலே தெரிந்தது. அந்தக் கொட்டகையிலிருந்து வருகிற குழந்தை எதைக் கொண்டு வருகிறதோ. பால் குடிக்கிற பிள்ளை ஒன்று இங்கே இருக்கிறது. வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்ணீர்க்காரன், “வேணாம்னா திருப்பிக் கொண்டுபோய் விட்டுடறேன்” என்றான்.

என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது வேறு எப்போதும் இல்லை. பிள்ளையை மாமியாரிடம் கொடுத்தேன். குழந்தையின் கையைத் தூக்கி அக்குளைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம், அப்புறம் மறு பக்கம். கட்டி இல்லை. கழுத்து சுடவில்லை. குழந்தைக்குக் கூச்சமாக இருந்திருக்கவேண்டும், நெளிந்தது.

“விட்டுட்டுப் போ” என்று தண்ணீர்க்காரனிடம் சொன்னேன்.

அந்த வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போது நான் வாய் திறந்து ஒன்றைத் தீர்மானித்தது அன்றைக்குத்தான். அவள்தான் நான் வளர்த்த ஏழாவது, கணக்குப்படி பார்த்தால் இரண்டாவது. இதைப் படிக்கப் போகிற பேத்தி அவள் மகளுடைய மகள். எனக்குக் கொள்ளுப்பேத்தி ஆகவேண்டும். பேத்தி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

அப்புறம் சில நாள், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அந்தக் கொட்டகை வாசலில் அவர் தனியாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. முழங்கால் மேல் கை போய்ப் போய் வரும். பஞ்சு இருந்ததா, சும்மா கைதானா, அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. நான் குழந்தையைத் தூக்கிக் காட்டுவேன். அவர் முகம் எங்கள் பக்கம் திரும்பும். எண்ணுகிறார் என்று தெரியும்.

ஆள் போன கொட்டகையைக் கொளுத்திவிடுவது அங்கே வழக்கம். ஒரு நாள் காலையில் அந்தக் கொட்டகையிலிருந்து புகை வந்தது. யாரும் வந்து சொல்லவில்லை. மாமியார் புகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். கொழுந்தன் வாய்க்குள்ளே ஏதோ முணுமுணுத்தான். எனக்கு மட்டும் கேட்டது. “மிச்சம்” என்றான்.

ஊருக்குத் திரும்பினோம். ஓடு வேய்ந்தோம். தகரப் பெட்டியில் இப்போது அரிசி போட்டு வைத்தோம். பெரியம்மாவைப் பற்றி மாமியார் அதிகம் பேசுவதில்லை. ஆனால் மார்க்கெட்டிலிருந்து வாழைப்பழம் வந்தால் வாசலிலேயே வாங்கி எண்ணுவார். பன்னிரண்டு இருந்தால் ஒன்றைப் பிய்த்துத் தெருவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். சாகிற வரைக்கும் அப்படித்தான். அவருக்குப் பிறகு நான். என் மருமகள்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எழுதி முடித்தாகிவிட்டது. பண்டிகைக்கு வெளியூரில் இருப்பவர்கள் வந்திருக்கிறார்கள். கூடத்தில் ஒரே இரைச்சல். எண்ணக் கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தேன். இமை கேட்கவில்லை. என்னோடு சேர்த்து எட்டு.

பேத்தி, இங்கே வா. இதைப் பிடி. அந்த மர நாற்காலியைத் தூக்கி வாசற்படிக்கு வெளியே போடு, நான் அங்கே உட்கார்ந்துகொள்கிறேன். நீ உள்ளேயே இரு, படியைத் தாண்டாதே. முதல் வரியிலிருந்து சத்தமாகப் படி, வெளியே எனக்குக் கேட்கவேண்டும்.